ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் இல்லை

மார்ச் 4

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று போடலாமா வேண்டாமா என்று பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். போட்டால் அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வாய். இப்போதைக்கு வெறும் தம்பி போதும்.

மூன்று வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். போனில் கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை. கடிதத்தில் சண்டை போட நாலு நாளாவது ஆகும், அதற்குள் ஆறிவிடும் என்று உன் அத்தான் சொல்கிறார். அவர் சொல்லித்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்கே ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது.

என் பெண்ணுக்கு, உன் மருமகளுக்கு, உன் ஊரில் பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆமாம், என் கண்ணாடிக் கடையில் இருக்கிற ஃபிரேம் எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மூக்கில் மாட்டிக்கொண்டு நின்றாளே, அதே வாலுதான். பத்தொன்பது வயதாகிறது. விடுதி உங்கள் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. மே 17ஆம் தேதி வந்து சேர வேண்டும். சல்லிசாகக் கிடைக்கிறது என்று உன் அத்தான் டிக்கெட்டை எடுத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னார். எங்கே இறங்குகிறது தெரியுமா? நீ வேலை பார்க்கிற பெரிய விமான நிலையத்தில் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சின்னதில். கிழமையைப் பார்த்தேன். ஞாயிறு.

மூன்று வருடத்துக்கு முன்னால் நான் வந்த அன்றைக்கும் இதே சின்ன விமான நிலையம், இதே ஞாயிறு. புது வீட்டுக்குக் குடிபோன சந்தோஷத்தில் வா வா என்றாய். அழைத்துப்போக வருவாய் என்று பார்த்தால் தபாலில் உன் கையேடு வந்தது. ‘விமான நிலையங்களிலிருந்து நகர மையத்துக்கு’ என்று தலைப்பு போட்டு, வழவழ தாளில், நாலாக மடித்தது. ஒரு வரிக்குக் கீழே நீலப் பேனாவால் கோடு வேறு போட்டிருந்தாய். அந்த வரியை நம்பி, வராத ரயிலுக்காக ஒரு மணி பத்து நிமிடம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். தரை துடைக்க வந்த அம்மாதான், “இன்னைக்கு ரயிலே கிடையாதும்மா” என்றார். பிறகு பஸ். அதையும் எதிர்ப்பக்கத்தில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி விமான நிலையத்துக்கே வந்து சேர்ந்தேன். உன் வீட்டு மணியை அடித்தபோது நாலரை மணி நேரம் ஆகியிருந்தது. கதவைத் திறந்ததும் நீ கேட்டாய்: “எந்தப் பக்கமா வந்தே? கையேட்லதான் தெளிவா போட்டிருக்கே?”

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கலாம்.

சரி, அது கிடக்கட்டும். நீ நேரில் போய் வாலுவை அழைத்து வந்து விடுதியில் விட வேண்டும். கையேடு அனுப்பாதே. நான் வரமாட்டேன், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இனி உன் வீட்டு வாசப்படி மிதிப்பதில்லை என்று மறுநாள் காலையில் டாக்சி ஏறும்போது முடிவு செய்தேன். அது அப்படியேதான் இருக்கிறது.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் போட்டுவிட்டேன்.

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று என் வீட்டுக்காரி பயந்துபோனாள். ஒன்றும் ஆகவில்லை, அக்கா எழுதியிருக்கிறாள் என்றேன். “அப்ப ஏதோ ஆகியிருக்கு” என்றாள். பிறகு இரண்டு பேரும் இரண்டு முறை படித்தோம். வாலுவுக்கு இடம் கிடைத்த பகுதியை அவள் மூன்றாவது முறையும் படித்தாள்.

என் பக்கத்தையும் நீ கேட்க வேண்டும். பதினொரு வருடமாக இதே விசாரணை மேசை. ஒரு பக்கம் நாணயம் மாற்றும் கவுன்ட்டர், இன்னொரு பக்கம் காபிக் கடை. நாளொன்றுக்கு முந்நூறு பேர் வந்து ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “ஊருக்குள்ள எப்படிப் போறது?” சொல்லிச் சொல்லி வாய் வலித்துத்தான் அந்தக் கையேட்டை எழுதினேன். எட்டாம் பதிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. இவன் உருப்படியாக ஒரு காரியம் செய்திருக்கிறான் என்று அப்பா வாயால் கேட்டது அந்த ஒன்றைப் பார்த்துத்தான். அன்றைக்கு மேசைக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை, என்னால் வர முடியவில்லை. அலட்சியமாக அனுப்பவில்லை அக்கா. என்னிடம் இருந்ததிலேயே நல்லது அதுதான் என்று அனுப்பினேன்.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் இல்லை என்று அதில் போட்டிருக்கிறது. பின்பக்கம், கடைசி வரி. மற்றதை என்ன வேண்டுமானாலும் சொல், போடவில்லை என்று மட்டும் சொல்லாதே.

மே 17க்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய் நிற்பேன். நீயும் அவளோடு கிளம்பி வந்தால் நன்றாக இருக்கும். கேட்டுவிட்டேன், அவ்வளவுதான்.

தம்பி


மார்ச் 18

தம்பிக்கு,

நீ சொன்ன கடைசி வரியை இன்றைக்குக் கடையில் பார்வை சோதிக்கும் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டையில் இருக்கிற ஆகச் சின்ன எழுத்தைவிட உன் எழுத்து சின்னது. கண்ணில் எந்தக் குறையும் இல்லாதவர்களைக்கூட நாங்கள் அதைப் படிக்கச் சொல்வதில்லை. போட்டது போட்டாய், மனிதர்கள் படிக்கிற மாதிரி போட்டிருக்கலாம்.

இப்போது புதுத் தலைவலி. மாமா வந்து அழைத்துப் போவார் என்று வாலுவிடம் சொன்னேன். தாம்தூம் என்று குதித்தாள்.

“நான் என்ன பார்சலா, ஆள் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்க? விழுந்தவங்களை எழுப்பி நடக்க வைக்கத்தான் படிக்கப் போறேன். முதல் நாளே நான் நடக்கலைன்னா எப்படி?”

“புது ஊருடி, ரெண்டு பெட்டி இருக்கு” என்றேன்.

“ஒரு பெட்டிதான். இன்னொண்ணு நீ அடைச்சு வச்சது.”

போனில் மேப் இருக்கிறதாம். அது பேசிக்கொண்டே வழி காட்டுமாம். உன் அத்தானைப் பார்த்தேன், ஏதாவது சொல்வார் என்று. அவர் அவள் கட்சி. பெண் தனியாகப் போக ஆசைப்படுவதில் எனக்கும் உள்ளூரப் பெருமைதான், ஆனால் பெருமை ஒரு பக்கம் இருக்க ராத்திரி எழுந்து எழுந்து அவள் டிக்கெட்டை எடுத்துப் பார்க்கிறேன்.

அதனால் லீவை ரத்து செய். வழியை மட்டும் எழுதி அனுப்பு. இந்த முறை ஒழுங்காக எழுது. நான் நின்ற இடத்தில் அவளும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றால், அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவது இருக்கட்டும், உனக்குக் கடிதம்கூட வராது.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

அந்தக் கையேட்டை மூன்று வருடமாகக் கிழிக்காமல் வைத்திருக்கிறாயா? அதைக் கேட்காமல் இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க முடியவில்லை.

வழி எழுத உட்கார்ந்தேன். மூன்று வரி எழுதியதும் கை நின்றுவிட்டது. வெளியே சொன்னால் வெட்கம். சின்ன விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் நான் ஒரு முறைகூடப் போனதில்லை. எனக்கு வீடு இங்கே, பெரிய விமான நிலையக் குடியிருப்பில். வேலைக்கு நடந்து வருகிறேன், நடந்து போகிறேன். கையேட்டின் அந்தப் பாதியை ரயில் அட்டவணையையும் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தையும் வைத்து எழுதினேன். எட்டுப் பதிப்பிலும் அதைத்தான் மறுபடி மறுபடி அச்சடித்தோம்.

நேற்று ஞாயிறு. என் பெரிய பெட்டியில் பழைய ஆறாம் பதிப்புக் கையேடுகளை அடைத்தேன். எங்கள் செக்-இன் தராசில் வைத்தால் இருபத்தொரு கிலோ. “எந்த ஊருக்கு சார்?” என்று கவுன்ட்டர் பெண் கேட்டாள். “ஊருக்குள்ளதான்மா” என்றேன். ஊழியர் வண்டியில் சின்ன விமான நிலையம் போய், பயணிகள் வெளியே வருகிற கதவில் நின்று, அங்கிருந்து கையேட்டைப் பார்த்துப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன்.

‘இரண்டு நிமிட நடை’ என்று எழுதியிருந்தேன். பதினேழு நிமிடம் ஆனது. வரைபடத்தில் அளவுகோல் வைத்து அளந்தவன் நான். நடுவில் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு வேலி இருப்பது அளவுகோலுக்குத் தெரியவில்லை. ‘லிஃப்ட் உண்டு’ என்று எழுதியிருந்தேன். உண்டு. ஆனால் அது ரயில் நிலையத்தின் லிஃப்ட். ரயில் இல்லாத நாளில் அதையும் பூட்டிவிடுகிறார்கள். பஸ்ஸுக்குப் போக ஒரு நடைப்பாலம் ஏறி இறங்க வேண்டும். நாற்பத்தாறு படி. முப்பதாவது படியில் பெட்டியின்மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அங்கே ஒரு கணவனும் மனைவியும் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கையில் என் கையேடு. “இதுல போட்டிருக்கற பஸ் ஸ்டாப் எங்க சார் இருக்கு?” என்றார் அவர். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. மேம்பாலத்துக்கு அடியில் 14ஆம் எண் பஸ் என்று எழுதியிருந்தேன், எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. இரண்டு பக்கமும் 14 நிற்கிறது. எழுதியவன் நான்தானே என்ற தைரியத்தில் அவர்களையும் கூட்டிக்கொண்டு இடது பக்கம் ஏறினேன்.

அரை மணி நேரம் கழித்து மூன்று பேரும் மறுபடி விமான நிலைய வாசலில் இறங்கினோம். அந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருந்தால் உன் கோபம் பாதி தீர்ந்திருக்கும். கணவர் மட்டும், “நீங்களும் ஊருக்குப் புதுசா?” என்று அன்பாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

அந்தப் பஸ்ஸில்தான் அக்கா, நீ தெரிந்தாய். ஐம்பது வயதில், இரண்டு பெட்டியோடு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல், தம்பி எழுதியது தப்பாக இருக்காது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அப்படி வந்தவளிடம் நான் கதவைத் திறந்து கேட்ட கேள்வி என் காதிலேயே விழுந்தது. தப்பு என்னுடையது. முழுக்க முழுக்க என்னுடையது. மூன்று வருடம் கையேட்டின் பக்கம் நின்று உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன்.

வாலுவுக்கான வழி தனித்தாளில் இருக்கிறது. எங்கே திரும்பினால் வேலி வரும், எத்தனை படி, எந்தப் படியில் நின்று மூச்சு வாங்கலாம், வலது பக்கம் நிற்கிற 14, எட்டாவது நிறுத்தம் என்று எல்லாம் எழுதியிருக்கிறேன். ஞாயிறு ரயில் இல்லை என்பது முதல் வரி, பெரிய எழுத்தில். இதையே ஒன்பதாம் பதிப்பாகப் போட வேண்டும் என்று மேலாளரிடம் கொடுத்தேன். “படிக்கட்டெல்லாமா எண்ணிப் போடுவாங்க?” என்றார். வாருங்கள் சார், ஒரு பெட்டியோடு போய் வரலாம் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தம்பி


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

போட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

பஸ் கதையைக் கடையில் வைத்துத்தான் படித்தேன். லென்ஸ் தேய்க்கிற மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன், அது வேறு விஷயம். கண் பரிசோதனைக்கு வந்திருந்த ஒருவர், சொட்டு மருந்து உங்களுக்கும் போட்டார்களா என்று விசாரித்தார்.

முழுக்க உன்னுடையது என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்த பிறகு இரண்டு நாள் சரியாகத் தூக்கமில்லை. ஒன்று சொல்கிறேன், உன் அத்தானுக்குக்கூடத் தெரியாது. அன்றைக்கு நான் படிக்கிற கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன். தம்பி ரொம்ப நாளைக்கப்புறம் பார்க்கப் போகிறான், கிழவி மாதிரி போய் நிற்கக் கூடாது என்று. நீ கோடு போட்டிருந்த வரி பெரிய எழுத்து, அதைப் படித்துவிட்டேன். பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறந்து கண்ணாடியை எடுத்துப் படித்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பிளாட்பாரத்தில் பெட்டியைத் திறக்கக் கூச்சம். கண்ணாடிக் கடை வைத்திருப்பவள் கண்ணாடி போடாமல் போய் வழி தவறினாள் என்று தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பாயே, அதற்குப் பயந்து கோபத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். நீ எழுத்தைச் சின்னதாகப் போட்டாய், நான் கண்ணைத் திறந்துகொண்டே குருடியாக இருந்தேன். பாதிப் பாதி.

ஆனால் கதவைத் திறந்து நீ கேட்டது கண்ணாடியால் வந்ததில்லை. அது இன்னும் உள்ளே ஒரு ஓரமாகக் கிடக்கிறது. நான் வருவதைப் பற்றி இப்போது பேச்செடுக்காதே.

வாலு உன் தாளைப் படித்துவிட்டு, “மாமா பரவாயில்லையே, மேப்ல படியெல்லாம் காட்டாது” என்றாள். அவளிடமிருந்து இது பெரிய பட்டம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். நீ விமான நிலையத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. உன் சார்பில் நான் சத்தியம் செய்து கொடுத்துவிட்டேன். என் சத்தியத்தைக் காப்பாற்று.

அக்கா


மே 18

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு சுகமாக வந்து சேர்ந்தாள். நேற்றே போனில் சொல்லியிருப்பாள். நான் நீ சொன்னபடி முழு நாளும் என் மேசையில்தான் இருந்தேன்.

அவளைப் பற்றி நீ கவலையே பட வேண்டாம். வேலியைப் பார்த்ததும் தாளை ஒரு தடவை பார்த்தாள், அதற்கப்புறம் பார்க்கவே இல்லை. படியில் பெட்டியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினாள், நடுவில் ஒரே ஒரு தடவைதான் நின்றாள். அதுவும் களைத்துப்போய் நின்ற மாதிரி தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தில் எந்தப் பக்கம் என்று ஒரு பெரியவர் அவளிடமே வழி கேட்டார். கையை நீட்டிக் காட்டிச் சொன்னாள். நம் அப்பா வழி சொல்லும்போது உள்ளங்கையை விரித்துக் காட்டுவாரே, அப்படியே.

இதெல்லாம் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

ஒன்பதாம் பதிப்பு அச்சாகி வந்துவிட்டது. ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். கடைசி வரி என்று ஒன்று இந்த முறை இல்லவே இல்லை. சாயங்காலம் வாலு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். என்னைப் பார்த்ததும், “என்ன மாமா, கால் வலிக்குதா?” என்றாள். எதற்குக் கேட்டாள் என்று புரியவில்லை. படிக்கப் போகிற படிப்பு அப்படி, எல்லாரையும் விசாரிப்பாள் போலிருக்கிறது.

தம்பி


மே 26

அன்புள்ள தம்பிக்கு,

நீ விசாரணை மேசைக்குப் பொருத்தமான ஆள்தான், துப்பறியும் வேலைக்கு லாயக்கில்லை.

மேசையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அவள் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் பெட்டியை மாற்றினாள் என்று தெரியும். அப்பா மாதிரி உள்ளங்கையை விரித்ததும் தெரியும். உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், உன் அத்தான் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. வாலு எங்களுக்கு அன்றைக்கே போனில் எல்லாம் சொல்லிவிட்டாள். வெளியே வந்த அடுத்த நிமிடமே உன்னைப் பார்த்துவிட்டாளாம். தூணுக்குப் பின்னால் பேப்பரை விரித்துக்கொண்டு ஒருவர் நின்றாராம், தூண் ஒல்லி, ஆள் குண்டு.

“எனக்கு ஏம்மா தெரியாது? நான் வேகமா நடந்தா அவரும் ஓடி வர்றாரு. பாவமா இருந்துச்சு” என்றாள். படியில் ஒரு தடவை நின்றாளே, அது அவளுக்காக இல்லை. கீழே நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாயாம், நீ ஏறி வரட்டும் என்று செருப்பு வாரைச் சரிசெய்வது போல நின்றாளாம். பஸ் கிளம்பப் பார்த்தபோது டிரைவரிடம், “அண்ணா, அந்தப் பேப்பர் வச்சிருக்கவரும் வரட்டும்” என்றாளாம். நீ பின் கதவில் ஏறி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாயாமே.

சத்தியத்தை மீறியதற்கு உன்னைத் திட்டலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். திட்டு வரவில்லை. அவளைத் தடுக்கவும் இல்லை, தனியாக விடவும் இல்லை. விடுதி வாசலில் அவள் உள்ளே போகும்வரை எதிர்ச் சாரியில் நின்றுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாயாம். அதைச் சொல்லும்போது அவள் குரல் ஒரு மாதிரி ஆனது. எனக்கும்.

தம்பி, எனக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஜூன் 14. சின்ன விமான நிலையம்தான், ஞாயிறுதான், உன் அத்தான் திருந்தமாட்டார். ஒரு வாரம் உன் வீட்டில் இருப்பேன். அதில் ஒரு நாள் உன் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நீ அந்த முந்நூறு பேருக்கும் பதில் சொல்வதைப் பார்க்க வேண்டும்.

வழி எனக்கு இப்போது தலைகீழ்ப் பாடம். தனியாகவே வந்துவிட முடியும். ஆனால் எனக்குத் தனியாக வர வேண்டாம். தூணுக்குப் பின்னால் நிற்காதே, பேப்பர் கொண்டுவராதே. எல்லாரும் பார்க்கிற மாதிரி கதவுக்கு நேராக முன்வரிசையில் நில். நான் வெளியே வந்ததும் பெட்டியை வாங்கிக்கொள்.

அக்கா